இரண்டாவது ஊசிக்கும் மூன்றாவது ஊசிக்கும் இடையில்

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களில் மூன்று பேர், வெவ்வேறு நாட்களில், என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டீர்கள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது சிரமமாக இல்லை, தாய்மார் தாங்களாகவே அட்டையோடு வந்து நிற்கிறார்கள். வளர்ந்தவர்களிடம் ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்களே, என்ன செய்வது?

எந்த வயதில் எந்த ஊசி என்பது உங்கள் கையேட்டில் இருக்கிறது. கலியாணத்துக்கு முன் ருபெல்லா, கடலுக்கும் தோட்டத்துக்கும் போகிறவர்களுக்கு ஏற்புவலி என்கிற டெட்டனஸ், முதியவர்களுக்குச் சளிக்காய்ச்சல், ஊசியோடு வேலை செய்கிற உங்களுக்கே ஹெபடைடிஸ் பி. அதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. முப்பத்திரண்டு வருடம் மருத்துவமாதுவாக வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். என் வேலைக்காலத்தில் செய்த மிகப் பெரிய பிழையைச் சொல்கிறேன். அந்தப் பிழையிலிருந்துதான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றியும் வந்தது. இதில் வருகிற இரண்டு பெண்களிடமும் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் சொல்கிறேன்.

மயிலிட்டியில் சனங்கள் திரும்பி வந்து குடியேறத் தொடங்கிய பிறகு அந்தப் பகுதி என் பொறுப்பில் வந்தது. அப்போது பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. எங்கள் கிளினிக் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் மாதம் இரண்டு புதன்கிழமை நடக்கும். ஒரு மூலையில் குழந்தைகளை நிறுப்போம், மறு மூலையில் ஊசி, நடுவில் என் மேசை. தடுப்புச் சுவர் ஒன்றும் கிடையாது. சுற்றிவரக் கதிரைகளில் தாய்மார் இருப்பார்கள்.

தர்சிகா அங்கே வந்தது ஒரு தை மாதத்தில். இருபத்துநாலு வயது. முன்பள்ளி ஆசிரியை. தகப்பன் கடலுக்குப் போகிறவர், தாய் இல்லை. ஆவணியில் கலியாணம் முடிவாகியிருந்தது. சின்ன வயதில் என்ன ஊசி போட்டது என்பதற்கு அட்டை ஒன்றும் இல்லை, இடப்பெயர்வில் எல்லாம் போய்விட்டது. ருபெல்லா போட்டுக்கொண்டாள். ஒரு மாதத்துக்குப் பிள்ளை தங்கக்கூடாது என்று நான் சொல்ல, "கலியாணமே ஆவணியிலைதானே மிஸ்" என்று சிரித்தாள். பிறகும் போகாமல் நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் போய் மண்டபம் வெறுமையாகும்வரை நின்றாள்.

"மிஸ், ஆறாம் வகுப்புப் பெட்டையளுக்குப் பள்ளிக்கூடத்திலை ஒரு ஊசி போடுகினமெல்லோ. அது போட எனக்கு வயசு போட்டுதோ?"

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

"அம்மா அந்த வருத்தத்திலைதான் செத்தவ. எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு. அவ ஆருக்கும் சொல்லேல்லை. விடியமுன்னம் எழும்பிச் சீலையளை ஒளிச்சு ஒளிச்சுத் தோய்ப்பா. நான் மீன் கறை எண்டு நினைச்சன்."

நான் அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். பிறகு அவள் கேட்டாள், "எனக்கும் வருமோ?"

"அது தாயிட்டையிருந்து பிள்ளைக்கு வாற வருத்தம் இல்லை. ஒரு வைரசாலை வாறது. கலியாண உறவிலை தொத்துற கிருமி. கனபேருக்குத் தொத்தும், தானாப் போயிடும். சில பேருக்குப் போகாமல் வருசக்கணக்கா நிண்டு, கருப்பைக் கழுத்திலை புற்றா மாறும். கலியாணத்துக்கு முன்னம் ஊசி போட்டால் நல்ல பாதுகாப்பு. உம்மடை வயசிலையும் போடலாம். மூண்டு ஊசி, ஆறு மாசத்துக்குள்ளை முடியும்."

அந்த வயதினருக்கு எங்கள் கிளினிக்கில் அது கிடைக்காது, நகரத்தில் தனியாரிடம்தான் போட வேண்டும் என்றேன். ஊசி போட்டாலும் முப்பத்தைந்து வயதில் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள். மாசியில் முதலாவது ஊசி, சித்திரையில் இரண்டாவது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தன் சம்பளத்தில், தனியாக பஸ் ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள்.

எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்கு விளங்கும். என் பகுதியில் அந்த ஊசியைத் தானாகத் தேடிப் போட்ட முதல் பெண் அவள். அந்தச் சந்தோசம்தான் பிழைக்குக் காரணம்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை. மண்டபம் நிறையத் தாய்மார். தர்சிகா தன் முன்பள்ளிப் பிள்ளைகளின் நிறைப் பட்டியலைத் தர உள்ளே வந்தாள். நான் ஒரு குழந்தையைத் தராசில் வைத்தபடி, அத்தனை பேருக்கும் மேலாகக் குரலை உயர்த்திக் கேட்டேன்:

"தர்சிகா, கருப்பைக் கழுத்துக் கான்சர் ஊசி ரெண்டாவதும் போட்டாச்சோ?"

மண்டபம் அடங்கிப் போனது. குழந்தைகளின் அழுகை மட்டும் கேட்டது. தர்சிகா தலையை அசைத்தாள், அது ஆம் என்றா இல்லை என்றா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பட்டியலைத் தராமலே திரும்பிப் போய்விட்டாள். நான் அடுத்த குழந்தையைத் தராசில் வைத்தேன். நான் என்ன செய்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவேயில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய தகப்பன் எங்கள் பணிமனைக்கு வந்தார். இடுப்புச் சாரத்தில் உப்புத்தண்ணீர் காயவில்லை, கரை தொட்டதும் நேரே வந்திருக்கிறார்.

"மிஸ், என்ரை பிள்ளைக்குத் தாயின்ரை வருத்தம் வந்திட்டுதாம். துறைமுகம் முழுக்கக் கதைக்கினம். மெய்யோ?"

அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. பொய் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் தர்சிகா ஊசி போட்டதைத் தகப்பனுக்குச் சொல்லியிருக்கிறாளா என்பதே எனக்குத் தெரியாது. ஏற்கெனவே ஒரு முறை வாயைத் திறந்து அவள் பெயரைக் கெடுத்துவிட்டேன். இன்னொரு முறை திறக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"ஐயா, பிள்ளையையே கேளுங்கோ. அவவைப் பற்றி நான் கதைக்க ஏலாது."

"தகப்பன் நான், மிஸ்."

"ஓம் ஐயா. எண்டாலும் ஏலாது. பயப்படாமல் போய்க் கேளுங்கோ."

அவர் போன பிறகு யோசித்தேன், 'பயப்படாமல்' என்று சொன்னதுகூட மிகுதிதான். நாவை அடக்குவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்பள்ளிக்குப் போனேன். வழக்கமாக இரைச்சலாக இருக்கும் இடம் அடங்கியிருந்தது. இரண்டு தாய்மார் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். தொற்றிவிடும் என்று பயமாம். தர்சிகா சின்னக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல், நான் செய்தது பிழை, என் வாயால் வந்த வினை என்றேன்.

அவள் அழவில்லை. "நீங்கள் நல்லதுக்குத்தான் கேட்டனீங்கள், மிஸ். ஆனா ஏன் அவ்வளவு பேருக்கு முன்னாலை கேட்டனீங்கள்?" என்றாள்.

"நான் மாப்பிள்ளை வீட்டை போய் எல்லாத்தையும் விளங்கப்படுத்துறன், பிள்ளை. இண்டைக்கே போறன்."

"வேண்டாம்." குரல் உயரவில்லை, ஆனால் கல்லைப்போல் இருந்தது. "சொல்ல வேண்டியதை நான் சொல்லுவன். ஆருக்கு, எப்ப எண்டதும் நான்தான் பார்க்கவேணும். நீங்கள் இனி என்னைப் பற்றி ஆரோடையும் ஒண்டும் கதையாதேங்கோ. நல்லதும் கதையாதேங்கோ."

"மூண்டாவது ஊசி?"

"அதைப் பற்றி இப்ப கேக்காதேங்கோ."

முப்பது வருடம் வேலை செய்த எனக்கு, இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி என் வேலையின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டினாள். திரும்பி வந்து எங்கள் டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என் மகளின் வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கம், செய்த பிழையை வாயால் சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும். டொக்டர் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பிள்ளை சொன்னதைச் செய்யுங்கோ அக்கா. இப்போதைக்கு உங்களாலை செய்யக்கூடிய உதவி அதுதான்" என்றார்.

செய்வது என்று தீர்மானித்துவிட்டேன். அதைச் சோதிக்கவென்றே வந்ததுபோல, அடுத்த கிழமை புவனேஸ் என்னை வழிமறித்தார்.

புவனேஸ், மாப்பிள்ளை நிரோசனின் தாய். ஐம்பத்திரண்டு வயது. புருசன் கடலோடு போன பிறகு இரண்டு படகுகளையும் தானே நின்று நடத்துகிறவர். மீன் ஏலம் கூறும் இடத்தில் அவர் குரல் கேட்டால் ஆண்களும் விலகி வழிவிடுவார்கள். துறைமுக வீதியில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் கையை நீட்டி நின்றார். மீனுக்கு ஐஸ் போடுகிற வாடிக்குப் பின்னால் ஆள் இல்லாத இடத்துக்குக் கூட்டிப் போனார்.

"மிஸ், உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பெட்டைக்கு என்ன வருத்தம்?"

"நான் ஆரைப் பற்றியும் ஒண்டும் சொல்லமாட்டன், புவனேஸ்."

"எனக்கு ஊர்க்கதை வேண்டாம். இண்டைக்குப் பின்னேரம் எங்கடை ஆக்கள் கூடுகினம். கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லித்தான் எல்லாரும் நிக்கினம். நிரோசன் மாட்டன் எண்டு துள்ளுறான். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். 'ஒண்டுமில்லை' எண்டு. நான் அவையின்ரை வாயை அடைச்சுப் போடுவன்."

நீங்களே அந்த இடத்தில் நின்று பாருங்கள். அது உண்மையான சொல்தான். தர்சிகாவுக்கு ஒன்றுமில்லை. அதைச் சொன்னால் கலியாணம் நடக்கும், முன்பள்ளிக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள், நான் உடைத்ததை நானே ஒட்டிவிடலாம். சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றி இப்படி ஒருவர் வந்து கேட்பார். அவளுக்கு உண்மையில் ஏதும் இருந்தால், என்னால் 'ஒண்டுமில்லை' என்று சொல்ல முடியாது. நான் பேசாமல் நிற்பேன். அந்த மௌனமே அவளுக்குத் தீர்ப்பாகிவிடும். ஒருத்திக்கு நல்ல சான்றிதழ் கொடுத்தால், கொடுக்காத அத்தனை பேரையும் காட்டிக்கொடுத்தது போலத்தான். அதோடு, நல்லதும் கதையாதே என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள்.

"ஊசியைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன்" என்றேன். "அது வருத்தம் உள்ள ஆக்களுக்குக் குடுக்கிற மருந்தில்லை. வருத்தம் வராமல் இருக்கப் போடுறது. போட்டவைக்கு வருத்தம் எண்டு நினைக்கிறது, குடை பிடிச்சவை எல்லாம் நனைஞ்சவை எண்டு சொல்லுறது மாதிரி. இன்னாருக்கு என்ன எண்டு மட்டும் கேக்காதேங்கோ."

"அப்ப ஏதோ இருக்கெண்டுதானே அர்த்தம்?"

"நீங்கள் என்னவும் நினையுங்கோ. நாளைக்கு ஆரும் வந்து உங்களைப் பற்றிக் கேட்டாலும் என்ரை மறுமொழி உதுதான். பொலிஸ்காரர் வந்து கேட்டாலும், உங்கடை மகன் வந்து கேட்டாலும் உதுதான்."

புவனேஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபம் இருந்தது, அது சட்டென்று வேறு ஏதோவாக மாறியது. திரும்பி நடந்தார்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை இரண்டு தரம் கெடுத்துவிட்டேன், முதல் தரம் கதைத்து, இரண்டாம் தரம் கதைக்காமல், என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை தெல்லிப்பழையில் என் வீட்டுக் கேற்றடியில் புவனேஸ் நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஏலத்துக்குப் போகாமல் வந்தார் என்றால் பாருங்கள், அந்த மனுசி மழைக்கும் ஏலத்தைத் தவறவிடாதவர். உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"நேற்றுச் சொன்னது மெய்யோ? என்னைப் பற்றி ஆர் கேட்டாலும் சொல்லமாட்டியளோ?"

"மெய்தான்."

"நிரோசன் கேட்டாலும்?"

"ஓம்."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "எனக்கு மாதவிடாய் நிண்டு நாலு வருசம். போன கார்த்திகையிலை இருந்து திரும்ப ரத்தம் படுது. முதல்லை கொஞ்சம். இப்ப கூட. நாரி இடுப்பெல்லாம் நோ. ஆருக்கும் சொல்லேல்லை. தாய்க்கு உப்பிடி ஒரு வருத்தம் எண்டால் பெடியனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? கலியாணம் முடியட்டும் எண்டு இருந்தன்."

நான் எழுந்து அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன்: நேற்று அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால், இந்த மனுசி இன்றைக்கு இங்கே இருந்திருக்க மாட்டார். தர்சிகாவைப் பற்றிச் சொல்லுகிற வாய் தன்னைப் பற்றியும் சொல்லும் என்று நினைத்திருப்பார். இரத்தத்தை மறைத்துக்கொண்டு கலியாணம் வரைக்கும் நடமாடியிருப்பார்.

"கூட்டம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லி எல்லாரையும் அனுப்பிப்போட்டன்." பிறகு சடாரென்று என் கையைப் பிடித்தார். "அந்த ஊசியை எனக்கும் போட்டு விடுங்கோ மிஸ். உது நிண்டிடும்."

"வந்தபிறகு அந்த ஊசி மாத்தாது, புவனேஸ். இப்ப உங்களுக்கு வேண்டியது டொக்டர் பார்க்கிறது. அதுவும் இண்டைக்கே."

"ஆவணியிலை கலியாணம். முடிச்சிட்டுப் போறனே."

"மூண்டு மாதம் அது உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது. கலியாணத்திலை நீங்கள் நிக்க வேணும் எண்டால் இப்ப வெளிக்கிடுங்கோ."

பணிமனை திறக்கும் முன்பே டொக்டர் வந்தார். மண்டபமும் இல்லை, கதிரை வரிசையும் இல்லை, நாங்கள் மூன்று பேர் மட்டும். டொக்டர் பரிசோதித்துவிட்டு, அன்றே விசேட வைத்திய நிபுணருக்குக் கடிதம் எழுதினார். சதைத்துண்டு எடுத்துப் பார்த்தார்கள். கருப்பைக் கழுத்தில் புற்றுதான். ஆனால் ஆரம்ப நிலை, வெளியே பரவவில்லை, சத்திரசிகிச்சையோடு போய்விடும் என்றார்கள். அந்த நாட்களில் ஒரு தரம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து புவனேஸ் மெல்லக் கேட்டார், "அவளுக்கும் என்னை மாதிரியோ, மிஸ்?" நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். "சரி, சரி, நீங்கள் சொல்ல மாட்டியள்" என்று அந்த நிலைமையிலும் சிரித்தார்.

ஆனி மாதம் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி வாட்டின் கடைசிக் கட்டிலில் புவனேஸ் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் இருந்து அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது தர்சிகா.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இருவரில் ஒருவருக்கும் மற்றவரைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னதில்லை.

"உள்ளை வாங்கோ மிஸ்" என்று புவனேஸ் கூப்பிட்டார். "என்ன முழிக்கிறியள்? இவள் தானாத்தான் வந்தவள்."

நடந்தது இதுதான். தர்சிகா முதலில் தகப்பனுக்குச் சொன்னாள். பிறகு நிரோசனுக்குச் சொன்னாள். துறைமுகம் முழுக்கக் கதைத்தாலும் தனக்கு வேறு பெண் வேண்டாம் என்று அவன் சொன்னானாம். அதோடு நிற்காமல் ஒரு பின்னேரம் தனியாகப் புவனேசின் வீட்டுக்குப் போனாள். "மாமி, எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவுக்கு வந்தது. எனக்கு வரக்கூடாது எண்டு ஊசி போடுறன். மூண்டாவதும் போடப் போறன். உது உங்களுக்குப் பிடிக்காட்டில் கலியாணம் வேண்டாம்" என்று நின்றபடியே சொன்னாள். அப்போது புவனேசுக்குப் பரிசோதனை முடிவு வந்து இரண்டு நாள்தான். மகனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. அவளைப் பிடித்து இருத்தி, "எனக்கு வந்திருக்கு, பிள்ளை" என்றார்.

"அதுக்கு இவள் என்ன கேட்டவள் தெரியுமே?" என்று புவனேஸ் என்னிடம் சொன்னார். "பயப்படாதேங்கோ எண்டு சொல்லேல்லை. 'சீலையளை ஆர் மாமி தோய்க்கிறது?' எண்டு கேட்டவள். அண்டையிலை இருந்து இவள்தான் தோய்ச்சவள்."

தர்சிகா சீப்பைக் கழுவப் போய்விட்டாள்.

ஆவணி பிறந்து ஒரு கிழமை. புதன்கிழமை கிளினிக். மண்டபம் வழக்கம்போல நிறைந்திருந்தது. வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நிரோசன் வாசலில் நிற்க, தர்சிகா நேரே என் மேசைக்கு வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்து, கடைசிக் கதிரைவரை கேட்கும்படி சொன்னாள்:

"மூண்டாவதும் போட்டாச்சு, மிஸ். இனி எனக்கு அந்தப் பயம் குறைவு. பரிசோதனைக்கு முப்பத்தஞ்சிலை வாறன்."

ஒரு பெண் எழும்பி வந்து அந்த அட்டையைப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். பிள்ளையை முன்பள்ளியிலிருந்து நிற்பாட்டிய இருவரில் ஒருத்தியும் அங்கே இருந்தாள். அடுத்த நாளே அவளுடைய மகன் முன்பள்ளிக்குத் திரும்பிவிட்டான்.

கலியாணம் சொன்ன நாளிலேயே நடந்தது. புவனேஸ் மெலிந்து போயிருந்தார், ஆனால் ஒரு பந்தியையும் விடாமல் விசாரித்தார். பெண் வீட்டுப் பக்கம் நான் இருந்தேன், மாப்பிள்ளை வீட்டார் வந்து என்னைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் பெரிய விஷயம் நடந்தது. புரட்டாசியில் புவனேஸ் திரும்பத் துறைமுகத்துக்குப் போனார். ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளோடு நின்ற நேரம், மீன் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றார். நான் அங்கே இல்லை. பார்த்தவர்கள் பத்துப் பேர் வந்து பத்து விதமாகச் சொன்னார்கள், ஆனால் வார்த்தை ஒன்றுதான்:

"என்னைப் பற்றி ஒளிச்சுக் கதைக்கிற ஆக்கள் இனிக் கஷ்டப்பட வேண்டாம். எனக்குக் கருப்பைக் கழுத்திலை கான்சர் வந்தது. வெட்டி எடுத்தாச்சு. இதோ நிக்கிறன், பாருங்கோ. ஆறு மாசம் ஒளிச்சதுதான் நான் செய்த விசர்வேலை. முப்பத்தஞ்சு வயசு ஆக்கள், நாப்பத்தஞ்சு வயசு ஆக்கள் புதன்கிழமை வாங்கோ. ஆறாம் வகுப்பிலை பெட்டை இருக்கிற ஆக்கள் பள்ளிக்கூடக் கடுதாசியிலை கையெழுத்து வைச்சு அனுப்புங்கோ."

நான் மூன்று வருடம் வீடு வீடாகப் போய்ச் சொல்லியும் அசையாத துறைமுகம் அது. அடுத்த புதன்கிழமை பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் கதிரை போதவில்லை, பக்கத்துக் கோயிலிலிருந்து வாங்குப் பலகைகள் கொண்டு வந்தோம். கலியாணம் பேசிய பெண்கள் ருபெல்லாவுக்கு வந்தார்கள். வந்த இடத்தில் மற்ற ஊசியைப் பற்றியும் கேட்டார்கள். சிலர் சேர்ந்து ஒரே நாளில் நகரத்துக்குப் போய் முதலாவதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பெண்சாதிமாரோடு வந்த ஆண்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு, கையில் தூண்டில் கீறிய காயத்தைக் காட்டி ஏற்புவலி ஊசி கேட்டார்கள். அந்த முறை ஆறாம் வகுப்புச் சம்மதக் கடிதம் ஒன்றுகூடக் கையெழுத்து இல்லாமல் திரும்பவில்லை. பாடசாலையில் இருந்து அந்தக் கட்டைக் கையில் வாங்கி, இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. டொக்டர் எங்கிருந்தோ பச்சைத் திரைச்சீலை பிடித்து வந்தார். மண்டபத்துக்குள் ஒரு அறை போல மறைத்தோம். வளர்ந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினோம். வாசலில் இலக்கம் எழுதிய மட்டை கொடுத்து, இலக்கத்தைக் கூப்பிட்டோம். எது போட்டது, எது போட வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் திரைக்கு உள்ளேதான். ஒருவர் தன்னைப் பற்றிப் பெட்டி மேல் ஏறி நின்று சொல்லலாம். நீங்கள் அவரைப் பற்றிக் காதுக்குள்ளும் சொல்லக்கூடாது. நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். வளர்ந்தவர்கள் முகத்தைத் திருப்புவது ஊசிக்குப் பயந்து இல்லை, பெரும்பாலும் நம் வாய்க்குப் பயந்துதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த கடைசிக் கிளினிக்குகளில் ஒன்று. புவனேஸ் மீளாய்வுக்கு வந்திருந்தார். நல்ல உடம்பு, நல்ல சேலை. தர்சிகா வரவில்லை, அவளுக்கு அப்போது ஏழு மாதம், வீட்டில் இருந்தாள். நான் திரைக்கு வெளியே வந்து, "பதினேழாம் இலக்கம்" என்றேன்.

புவனேஸ் எழும்பினார். மட்டையை என் மேசையில் வைத்தார். "எனக்கு என்னத்துக்கு மிஸ் இலக்கம்? புவனேஸ்வரி எண்டு பேரைக் கூப்பிடுங்கோ" என்றார். மண்டபம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு பெயரைக் கூப்பிட்டேன். ஏலத்துக்குப் போவது போல நிமிர்ந்து உள்ளே போனார். அவருக்குப் பிறகு எழும்பிய இரண்டு மூன்று பேரும் தங்கள் பெயரையே சொல்லச் சொன்னார்கள். அன்றைக்கு அது ஒரு விளையாட்டுப் போல ஆகிவிட்டது.

கடைசிக் கதிரையில் ஒரு பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும், அந்த மண்டபத்துக்கு முதல் முறை வந்தவள். கையில் மட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எல்லாரும் சிரிக்க, அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் அவளுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"எனக்கு இலக்கந்தான் வேணும், மிஸ்" என்றாள்.

"ஓம், அம்மா" என்றேன்.

அவள் முறை வந்தபோது திரும்பவும் பக்கத்தில் போய், அவளுக்கு மட்டும் கேட்கும் அளவில், "இருபத்தொண்டு" என்றேன். அவள் எழும்பி, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.